குளவிக்கூட்டுக்கு மருந்து அடிக்கலாமா? போஞ்சிப் பந்தலும் பக்கத்துக் கொய்யா மரமும்

தலவாக்கலைத் தம்பி ஒருத்தர் கேட்டது:

"வீட்டுக்குப் பின்னால போஞ்சிப் பந்தல் போட்டிருக்கேன். பக்கத்துல கொய்யா மரத்துல குளவி கூடு கட்டியிருக்கு. வீட்டுல சின்னப் புள்ளைங்க ரெண்டு. கடையில ஒரு மருந்து தாரேன்னு சொல்றாங்க, அடிச்சா ஒரே நாள்ல முடிஞ்சிருமாம். ஆனா கீழ பீலி இருக்கு, எங்க லயத்து வரிசை வீட்டு ஆளுங்க எல்லாம் அதுலதான் குளிக்கிறது. அடிக்கலாமா வேணாமா? குளவி இல்லாட்டி அப்பிடி என்னா கெட்டுப் போகும்?"

2023 பெப்ரவரி 11

தம்பி, இன்னைக்கு அடிக்காதீங்க. அது என்னா குளவின்னு மொதல்ல பாக்கணும். நம்ம ஆளுங்க வாயில எல்லாமே குளவிதான், சுவத்துல மண்ணு பூசுறதும் குளவி, தகரத்துக்கு அடியில தாமரைக்காய் கவுத்த மாதிரி தொங்குறதும் குளவி, மரத்துல ஃபுட்போல் கணக்கா உருண்டு நிக்கிறதும் குளவி, டர்பன்டைன் (யூகலிப்டஸ்) மரத்து உச்சியில கறுப்பா படங்கு விரிச்ச மாதிரி தொங்குறதும் குளவி. பேப்பர்லயும் அப்பிடியேதான் வருது, குளவிக் கொட்டுக்கு இலக்காகி இத்தன பேர் ஆஸ்பத்திரியிலன்னு.

மண்ணு பூசுறது ஒண்டியா வாழ்றது, நீங்களா கையில புடிச்சு நசுக்கினாத்தான் கொட்டும். தாமரைக்காய் மாதிரி அறை அறையா, மேல மூடி இல்லாம இருந்தா அது சின்னக் காகிதக் குளவி, கூட்டுக்கு இருபது முப்பது இருக்கும், கூட்டத் தொட்டாத்தான் வம்பு. உருண்டையா, வெளியில காகிதம் சுத்துன மாதிரி, ஒரே ஒரு ஓட்டை மட்டும் வச்சிருந்தா அதுதான் வெஸ்பா அஃபினிஸ், கறுத்த உடம்பு, வயித்துல மொத பாதி ஆரஞ்சு, சிங்களத்துல தெபரான்னு சொல்றது. அதுக்குப் பக்கத்துல புள்ளைங்கள விடவே கூடாது.

முப்பது அடி தள்ளி நின்னு ஃபோன்ல பெருசாக்கி ஒரு போட்டோ எடுத்துப் போடுங்க. கல்லெறிய வேணாம், கொய்யா மரத்த ஆட்டவும் வேணாம்.

2023 பெப்ரவரி 12

நேத்து ராத்திரி ரெண்டு பேர் கேட்டிருந்தாங்க, டீச்சருக்கு குளவி மேல என்னா இவ்வளவு பாசம், கொட்டு வாங்குன வீட்டு ஆளுன்னா இப்பிடி பேசுவாங்களான்னு.

நான் கொட்டு வாங்குன வீட்டு ஆளுதான். எங்கம்மா இருபத்தெட்டு வருஷம் கொழுந்து எடுத்தது. 2019 மார்ச் மாசம், வெயில் காலம், காலையில பத்தரை மணி இருக்கும், அஞ்சாம் நம்பர் மலையில பதினாலு பேர் நிரை புடிச்சு எடுத்துக்கிட்டு இருந்திருக்காங்க, மேல மரத்துல கூட்ட ஒரு கழுகு வந்து அடிச்சிருச்சு. அம்மா இடுப்புல கட்டியிருந்த படங்க அவுத்து தலையில போட்டுக்கிட்டு தண்ணிக் கானுக்குள்ள குப்புற விழுந்துச்சு. பக்கத்துல நின்ன வயசான பாட்டி ஓட முடியாம கூடையோட உக்காந்திருச்சு, அதத் தூக்கப் போய்த்தான் அம்மாவுக்கு இன்னும் கூட கொட்டு. ஆம்புலன்ஸ் இல்ல, கொழுந்து லொறியிலதான் ஏத்திக்கிட்டுப் போனாங்க. நான் ஸ்கூல்ல இருந்து ஓடிப் போய்ப் பாக்குறேன், மொகம் பூசணிக்கா மாதிரி வீங்கி கண்ணு ரெண்டும் மூடிப் போய்க் கெடக்கு. எங்கக்கா முடியப் பிரிச்சுப் பிரிச்சு நகத்தால முள்ளு எடுத்தா, சின்னச் சின்னக் கறுப்பு முள்ளு, வெள்ளக் கடதாசியில வச்சு எண்ணுனோம், அறுபதுக்கு மேல போச்சு. ஒம்பது நாள் வாட்டுல.

மூணாம் நாள் சிறுநீர் பிளேன்டீ நெறத்துல போச்சு. அத அம்மா வெக்கப்பட்டுக்கிட்டு சொல்லவே இல்ல, பக்கத்துப் படுக்கைக்காரம்மா பாத்துட்டு நர்ஸ் மிஸ்ஸிக்கிட்ட சொன்னதாலதான் டொக்டர் ஓடி வந்தாரு. நெறைய கொட்டு வாங்குனா விஷம் சதைய உடைச்சு, அந்தக் கழிவு போய் கிட்னிய அடைக்குது. அதனால நெறையக் கொட்டு வாங்குனவங்க, வலி கொறஞ்சிருச்சுன்னு வீட்டுல படுத்துக்கிட்டு இருக்கக் கூடாது, அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகணும், போய் வந்த பிறகும் சில நாளைக்கு சிறுநீர் நெறத்தப் பாக்கணும். ஒரே கொட்டுலயே மூச்சுத் திணறி, ஒடம்பெல்லாம் தடிச்சு, தலை சுத்துதுன்னா அது வேற, அலர்ஜி, அதுக்கு அட்ரினலின் ஊசிதான் மருந்து, ஒரு நிமிஷம் கூட சுண்ணாம்பு தடவிக்கிட்டு உக்காரக் கூடாது.

இதெல்லாம் என் கண்ணால பாத்தது. இதையும் வச்சுக்கிட்டுத்தான் மருந்து அடிக்காதீங்கன்னு சொல்றேன்.

2023 பெப்ரவரி 14

போட்டோ பாத்தேன். காகிதக் குளவி, உள்ளங்கை அளவு கூடு, மூடி இல்ல. ரொபாலிடியாவா இருக்கும். விட்டுருங்க. அந்தக் கிளைக்கு அடியில புள்ளைங்க போகாத மாதிரி ரெண்டு குச்சி நட்டு ஒரு கயிறு கட்டுங்க, கொய்யா பறிக்கிறத இந்த சீசன் அணிலுக்கு விட்டுக்குடுங்க.

2023 பெப்ரவரி 15

இல்லாட்டி என்னா கெட்டுப் போகும்னு கேட்டதுக்கு நான் பதிலே சொல்லல. இன்னைக்குக் காலையில எங்க போஞ்சிப் பந்தல்ல பாத்தத எழுதுறேன்.

ஒரு பச்சைப் புழு, தீக்குச்சி நீளம், எலைக்கு அடியில ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. காகிதக் குளவி ஒண்ணு எலை எலையா ஏறி எறங்கி, மீசையால தட்டித் தட்டிப் பாத்துக்கிட்டே வந்துச்சு. புழு கிட்ட வந்த ஒடனே கழுத்தக் கவ்விப் புடிச்சிருச்சு. அது கொட்டுனத நான் பாக்கல, வாயாலயே மென்னுக்கிட்டு இருந்துச்சு. மொதல்ல தலைய வெட்டிப் போட்டுச்சு, அப்பறம் பச்சைக் கொடல உருவி ஒதுக்குனுச்சு, மிச்சத்த முன்னங்காலால உருட்டி உருட்டி மெளகு சைசுல ஒரு உருண்டையாக்கி எடுத்துக்கிட்டுப் பறந்துச்சு. மூணு நிமிஷம் கூட ஆகல. அந்த உருண்டை கூட்டுல இருக்கிற குஞ்சுகளுக்கு. வளந்த குளவி சதை தின்னு வாழ்றது இல்ல, பூத்தேனும் இனிப்பும்தான் அதுக்கு, சதை எல்லாம் குஞ்சுக்கு. ஒரு கூட்டுல அறுபது குஞ்சு இருந்துச்சுன்னா ஒரு நாளைக்கு எத்தன நடை போகணும்னு பாருங்க, அவ்வளவு புழுவும் உங்க போஞ்சியில இருந்தும் கோவாவுல (முட்டைக்கோசுல) இருந்தும்தான் போகுது.

கூலி கேக்காத ஆளு தம்பி அது.

2023 பெப்ரவரி 19

வெலிமடை அண்ணா ஒருத்தர் ரொம்ப கோவமா எழுதியிருக்காரு, கொழுந்துக்காரங்க செத்துக்கிட்டு இருக்கிறப்போ புழுவப் பத்திப் பேசுறீங்களேன்னு. அண்ணா, கோவம் நியாயம். வருஷா வருஷம் சாவு நடக்குது. அதுக்காக கூடு இருக்கிற மலை எல்லாத்துலயும் மருந்து அடிச்சா என்னா ஆகும்னுதான் நான் கேக்குறேன், ஏன்னா நாங்க அடிச்சுப் பாத்திருக்கோம்.

அம்மா வாட்டுல இருந்து வந்த அந்த ஞாயித்துக்கெழமை எங்க தோட்டத்து எளவட்டப் பயலுங்க எல்லாம் கெளம்புனாங்க, எங்க தம்பியும்தான். மூங்கில் கம்புல சாக்கு சுத்தி மண்ணெண்ணெய் ஊத்தி, பொழுது சாஞ்ச பிறகு. உருண்டைக் கூடு நாலு, பலாமரத்துல ஒண்ணு, கொய்யாவுல ரெண்டு, டிஸ்பென்சரி கூரையில ஒண்ணு. நானும் ஒருத்தியா நின்னு டோர்ச் புடிச்சேன். கொய்யா மரம் ஒரு பக்கம் கருகிப் போச்சு. அந்தப் பலாமரத்துப் பொந்துல கூட்டுத்தேனீ இருந்துச்சு, பத்து வருஷமா இருந்துச்சு, அது நாங்க பாக்கவே இல்ல, புகையில அதுவும் முடிஞ்சிருச்சு. கீழ ஊத்துன மண்ணெண்ணெய் மழையில கானுக்குள்ள எறங்கி, ரெண்டு நாளைக்கு பீலித் தண்ணியில எண்ணெய் வாடை.

அதோட நிறுத்தல. போத்தல் பொறின்னு ஒண்ணு யாரோ சொல்லிக் குடுத்தாங்க, பெரிய சோடா போத்தலோட கழுத்த வெட்டிக் கவுத்து வச்சு உள்ள பியரும் சீனியும் ஊத்தித் தொங்க விடுறது. வேலியில மூணு தொங்க விட்டேன். ஒரு கெழமை கழிச்சு ஒரு போத்தல அரிதட்டுல கொட்டி எண்ணுனேன், ஈ, அந்துப்பூச்சி, ரெண்டு பட்டாம்பூச்சி, பதினோரு தேனீ, எல்லாமா அறுபத்தஞ்சு. அதுல குளவி மூணு. ஐரோப்பாவுக்கு 2004ல ஆசியக் குளவி போய்ச் சேந்த பிறகு பிரான்ஸ்ல ஊரெல்லாம் இதே மாதிரி போத்தல் தொங்க விட்டாங்க, அங்கயும் விழுந்ததுல பெரும்பாலும் வேற பூச்சிதான். குளவியக் கொல்லப் போய் சம்பந்தமே இல்லாத பூச்சிகளையும் சேத்துக் கொன்னுக்கிட்டு இருந்தோம்.

அந்த வருஷம் எங்க போஞ்சியில காய்ப்புழு அள்ளிக்கிட்டுப் போச்சு. கூட்ட எரிச்சதாலதான் வந்துச்சு.

2023 பெப்ரவரி 21

மேல கடைசியா எழுதுனத திருத்தணும். கூட்ட எரிச்சதாலதான் புழு வந்துச்சுன்னு சொல்லிட்டேன், ராத்திரியெல்லாம் யோசிச்சேன், அப்பிடி உறுதியா சொல்ல எனக்கு உரிமை இல்ல. அதே சீசன்ல எங்க வீட்டுல போஞ்சிக்கு ரெண்டு தடவ பூச்சி மருந்து அடிச்சோம், மழையும் பிந்திப் போச்சு, விதையும் வேற கடையில எடுத்தது. இதுல எது காரணம்னு ஒரு பந்தல வச்சு சொல்ல முடியாது.

ஆனா ஒரு பந்தல் இல்ல, நம்ம மலைநாடு முழுக்க நடந்த ஒரு கதை இருக்கு, அது உங்க தலவாக்கலைக்குப் பக்கத்துக் கதை தம்பி, தேயிலை ஆராய்ச்சி நிலையம் உங்க ஊருலதானே இருக்கு. தேயிலையில எலைய சுருட்டி ஒட்டிக்கிட்டு உள்ள இருந்து திங்கிற புழு, டோட்ரிக்ஸ்னு சொல்லுவாங்க. முந்திக் காலத்துல அது பெரிய கொள்ளை. 1935, 36ல ஜாவாவுல இருந்து ஒரு சின்னக் குளவியக் கொண்டு வந்து விட்டாங்க, பேரு மேக்ரோசென்ட்ரஸ் ஹொமோனே, மெல்லிசா நீளக் காலோட இருக்கும், மனுசன ஒண்ணும் செய்யாது. அது புழுவுக்குள்ள முட்டை போடும், குஞ்சு புழுவ உள்ள இருந்தே தின்னு முடிச்சிரும். புழு அடங்கிப் போச்சு. அப்பறம் 1950, 60கள்ல தண்டத் துளைக்கிற வண்டுக்கு, ஷொட் ஹோல் போரர்னு நம்ம ஆளுங்க சொல்றது, டில்ட்ரின் அடிச்சாங்க. அந்த மருந்துல குளவி செத்துச்சு. எலைக்குள்ள சுருட்டிக்கிட்டு ஒளிஞ்சிருந்த டோட்ரிக்ஸ் தப்பிச்சுக்கிட்டு மறுபடி பெருகி நாசம் பண்ணுச்சு. வண்டுக்கு அடிச்ச மருந்து புழுவ வளத்து விட்டுச்சு. டில்ட்ரின இன்னைக்கு உலகம் பூரா தடை பண்ணியிருக்காங்க, மண்ணுல வருஷக் கணக்கா அழியாம கெடக்கிறது அது.

பப்பாசிக் கதை இன்னும் கிட்ட. 2008ல வெள்ளப் பஞ்சு மாதிரி மாப்பூச்சி வந்து நாட்டுல பப்பாசி மரமெல்லாம் பட்டுப் போனது நெறைய பேருக்கு ஞாபகம் இருக்கும். மறு வருஷம் அதுக்குன்னு வெளிநாட்டுல இருந்து குண்டூசித் தலை அளவு கூட இல்லாத குளவியக் கொண்டு வந்து விட்டுத்தான் அத அடக்குனாங்க.

பந்தல் கதைய விட்டுருவோம், இந்த ரெண்டும் போதும்.

2023 பெப்ரவரி 22

மறந்துட்டேன். கோவா எலையில புழு மேல வெள்ளையா அரிசி மாதிரி ஒட்டிக்கிட்டு இருந்தா அது புழுவோட முட்டைன்னு நெனச்சு நசுக்கிறாதீங்க. குளவியோட கூட்டுப்புழு அது. அந்தப் புழு எப்பிடியும் சாகப் போறது, அப்பிடியே விடுங்க, வெளிய வர்ற குளவி அடுத்த புழுவத் தேடிப் போகும்.

2023 மார்ச் 2

நியூசிலாந்துல இருக்கிற மச்சான் சொன்னாருன்னு ஒரு அண்ணா எழுதியிருக்காரு, அங்க கோழி இறைச்சி மாதிரி ஒரு இரையில விஷம் கலந்து வைக்கிறாங்களாம், குளவியே எடுத்துக்கிட்டுப் போய் கூட்டுக்குள்ள குடுத்து மொத்தக் கூடும் செத்துருமாம், தேனீ அதத் தொடாதாம், நாமளும் செய்யலாமேன்னு.

அது நெசம்தான். 2015ல இருந்து அங்க ஃபிப்ரோனில் கலந்த இரை வைக்கிறாங்க. ஆனா அங்க இருக்கிற குளவி அந்த ஊருக் குளவியே இல்ல அண்ணா. ஜெர்மன் குளவி 1940கள்ல வந்து எறங்குனது, இன்னொண்ணு 70கள்ல. அந்த நாட்டுக் காட்டுல அதுக்கு எதிரி கெடையாது, தெற்குத் தீவு பீச் மரக்காட்டுல மரத்துல வடியிற தேன்பாகக் குடிச்சுத் தீர்த்து, அந்த ஊருப் பறவைக்கு சாப்பாடு இல்லாமப் பண்ணிருச்சு. அங்க குளவியக் கொல்றது காட்டக் காப்பாத்துறதுக்கு.

நம்ம குளவி நம்ம மலையில நாம வர்றதுக்கு முன்னாலயே இருந்தது. அதத் திங்கிறதுக்கு தேன்பருந்து இருக்கு, குளவி திங்கிறதுக்குப் புழு இருக்குன்னு சங்கிலியா எல்லாம் இருக்கு. இங்க இறைச்சியில விஷம் வச்சா மொதல்ல சாகுறது காக்கா, கீரி, லயத்து நாய். அதுக்கு மேல ஒண்ணு, விஷம் தின்னு செத்த கூட்ட தேன்பருந்து வந்து கிழிச்சு குஞ்சத் தின்னா அதுக்கும் ஆபத்து. அந்தப் பருந்தத்தான் நம்ம ஆளுங்க கழுகு கழுகுன்னு திட்டுறாங்க. அஞ்சாம் நம்பர்ல அன்னைக்குக் கூட்ட அடிச்சதும் அதுவாத்தான் இருக்கணும்.

2023 மார்ச் 3

பீலியப் பத்தி தம்பி திரும்பக் கேட்டிருக்காரு, நியாயம், மொத கேள்வியே அதுதான். கடையில ஸ்ப்ரேன்னு தர்றதுல நெறைய பைரித்திராயிட் வகை. மனுசனுக்கு ஆபத்து கம்மின்னு சொல்லி விப்பாங்க, ஆனா மீனுக்கும் நண்டுக்கும் தண்ணியில இருக்கிற பூச்சிக்கும் அது கொடிய விஷம், ரொம்பக் கொஞ்சமே போதும். நம்ம மலை ஓடையில உலகத்துல வேற எங்கயும் இல்லாத நண்டும் தவளையும் இருக்கு. சரிவுல மரத்துல அடிக்கிறது மழையோட எங்க போகும்? கானு, பீலி, அப்பறம் ஓயா, அதாவது ஆறு. பீலிக்கு மேல இருக்கிற மரத்துல எந்த மருந்தும் அடிக்காதீங்க. இதுல எனக்கு ரெண்டாவது யோசனையே கெடையாது.

2023 மார்ச் 9

பெரிய திருத்தம் ஒண்ணு. எழுதவே கை வரமாட்டேங்குது.

பண்டாரவளைப் பக்கம் வாட்டுல வேலை செய்ற மிஸ்ஸி ஒருத்தங்க, என்னோட பெப்ரவரி 12 குறிப்பப் படிச்சுட்டு ஒரே ஒரு வரி கேட்டாங்க: "அம்மா தலையில முள்ளு இருந்துச்சுன்னா அது எப்பிடி குளவி?"

குளவி கொடுக்கு வழவழன்னு ஊசி மாதிரி, குத்தும், உருவிக்கிட்டுத் திரும்பக் குத்தும், சதையில நிக்காது. முள்ளு சதையில தங்குறது தேனீக்குத்தான், அதுல கொக்கி கொக்கியா இருக்கிறதால கொட்டுன தேனீயோட வயிறு கிழிஞ்சு, விஷப்பையோட சேந்து அங்கயே நின்னுரும். அக்கா நகத்தால எடுத்த அறுபது முள்ளும் பம்பராவோடது, மலைத்தேனீ, ஏபிஸ் டோர்சாட்டா. டர்பன்டைன் மரத்துல படங்கு மாதிரி தொங்குறது. சீகிரியாவுல சத்தம் போடாதீங்கன்னு போர்டு போட்டிருக்கே, அதே தேனீ.

ஒடனே அம்மாகிட்டக் கேட்டேன். "அன்னைக்கு வாழைப்பழ வாசம் அடிச்சுச்சுன்னு நான் அப்பவே சொன்னேனே, நீங்கதான் கேக்கல"ன்னுச்சு. ஆமா சொன்னுச்சு, வாட்டுல மயக்கத்துல ஒளறுதுன்னு நாங்க விட்டுட்டோம். தேனீ கொட்டுறப்போ மத்தத கூப்பிட விடுற வாசம் வாழைப்பழ வாசம் மாதிரித்தான் இருக்கும், ரெண்டுலயும் இருக்கிறது ஒரே சரக்கு. அம்மா மூக்கு சரியாத்தான் சொல்லியிருக்கு, படிச்ச நாங்கதான் காது குடுக்கல.

அப்ப அந்த ஞாயித்துக்கெழமை நாங்க எரிச்ச நாலு கூடும்? அதுல ஒண்ணு கூட எங்கம்மாவக் கொட்டுன பூச்சி இல்ல. டிஸ்பென்சரி கூரையில இருந்தது எப்பிடியும் எடுக்க வேண்டியதுதான், அதுல எனக்கு வருத்தம் இல்ல. மத்த மூணும், பொந்துல இருந்த தேனீயும் எங்க கோவத்துக்குச் செத்தது. அஞ்சாம் நம்பர் மரத்துல இருந்த பம்பரா அது பாட்டுக்கு இருந்துட்டு, பூ முடிஞ்ச பிறகு எழும்பிப் போயிருச்சு. டர்பன்டைன் பூக்கிறப்போ மலைக்கு வரும், பூ போனா கீழ்நாட்டுப் பக்கம் எறங்கிரும், வருஷா வருஷம் அதுக்கு இந்தப் போக்குவரத்து உண்டு. ஆபத்து எதுன்னு தெரியாம அடிச்ச அடியில ஆபத்து அப்பிடியே இருந்துச்சு, அடுத்த வருஷமும் அதே மரத்துலதான் வந்து தொங்குச்சு.

அந்த மிஸ்ஸிக்கு நன்றி. நாலு வருஷமா இது எனக்குத் தெரியாது.

2023 மார்ச் 18

சரி டீச்சர், எப்பவுமே எடுக்கக் கூடாதான்னு கேக்குறாங்க. எடுக்க வேண்டிய எடம் இருக்கு. புள்ளைங்க நடக்கிற எடம், கதவுக்கு மேல, கக்கூஸ், கொழுந்து நிறுக்கிற எடம், இங்க எல்லாம் உருண்டைக் கூடு இருந்தா யோசிக்கவே வேணாம். போன வருஷம் எங்க ஸ்கூல் கக்கூஸ் கூரையில வந்துச்சு. மேல இருந்து ஆள் வரும்னு சொன்னாங்க, ரெண்டு கெழமை எழுதிக்கிட்டும் ஃபோன் பண்ணிக்கிட்டும் இருந்தோம், ஒருத்தரும் வரல. அந்த ரெண்டு கெழமையும் பொம்பளப் புள்ளைங்க பக்கத்து லயத்துக் கக்கூசுக்கு ஓடுனாங்க. கடைசியில இதே வேலையாப் பழகுன ஒரு அண்ணன் கொட்டகலையில இருந்து வந்தாரு. பொழுது நல்லா இருட்டுன பிறகு, ஒடம்பு பூரா மூடிக்கிட்டு, செவப்புக் கடதாசி சுத்துன டோர்ச்சு, குளவிக்கு செவப்பு வெளிச்சம் செரியாத் தெரியாது. ஓட்டைக்குள்ள மட்டும் கொஞ்சமா தூள் மருந்து, ஓட்டைய அடைச்சு, மறுநாள் ராத்திரி வந்து கூட்ட சாக்குல போட்டு வெட்டி எறக்கி ஆழமாக் குழி வெட்டிப் பொதைச்சாரு. தூக்கி எறிஞ்சிருந்தா காக்கா கொத்தித் தின்னு அது வேற செத்திருக்கும். கூரைக்கு வெளியில ஒரு துளி சிந்தல. வேலை தெரிஞ்ச ஆளு செய்றதுக்கும் நாங்க அன்னைக்கு சாக்குப் பந்தம் புடிச்சதுக்கும் எவ்வளவு வித்தியாசம். வீட்டுல இருக்கிறவங்க யாரும் இதப் படிச்சுட்டு நாமளே செய்வோம்னு ஏணி வைக்காதீங்க, அலர்ஜி இருக்கான்னு கொட்டு விழுற வரைக்கும் யாருக்கும் தெரியாது.

2023 மார்ச் 19

இன்னொண்ணு சொல்லாம விட்டா மனசு ஆறாது. 2015ல கிளைபோசேட்ட தடை பண்ணி, 2018ல தேயிலைக்கும் றப்பருக்கும் மட்டும் திரும்ப விட்டாங்க, அந்த இடைவெளியில புல்லு மண்டுனதாலதான் குளவி பெருகுச்சுன்னு நெறைய பேர் சொல்றாங்க. மருந்து இல்லாட்டியும் புல்லு வெட்ட ஆளு போட்டிருக்கலாமே. எங்க பக்கத்துல ஒரு தோட்டத்துல கவ்வாத்து வெட்டாம, கானு வெட்டாம, தேயிலை மரமா வளந்து கெடக்கு, அதுக்குள்ள கொழுந்து எடுக்க பொம்பளைங்கள அனுப்புறாங்க. கைய விட்ட பிறகுதான் கூடு இருக்கிறதே தெரியும். சுத்தமா இருக்கிற மலையில கூடு தூரத்துலயே கண்ணுல படும், ஒதுங்கிப் போகலாம். அதுக்கு விஷம் தேவையில்ல, கத்தி புடிக்க நாலு ஆளு பேர் போட்டா போதும்.

2023 ஏப்ரல் 6

ஸ்கூல்ல நடந்தது. ஜன்னல் கட்டையில மண்குளவி கட்டுன கூடு ஒண்ணு ஒடஞ்சு விழுந்துச்சு. எங்க பாட்டி காலத்துல வீட்டுக்குள்ள குளவி மண்ணு பூசுனா அந்த வீட்டுல புள்ள உண்டாகும்னு சொல்லுவாங்க, யாரையும் தட்ட விடாது கெழவி. குளவி புழுவக் கொட்டிக் கொட்டித் தன்னைப் போலவே ஆக்கிரும்னும் சொல்லும். ஒடஞ்ச கூட்ட நாலாம் வகுப்புப் புள்ளைங்க மேசையில வச்சுப் பிரிச்சோம். ஒரு அறைக்குள்ள சிலந்தி பதிமூணு, பச்சை, மஞ்சள், ஒண்ணு தங்க முதுகு. செத்த மாதிரி கெடந்துச்சு, ஊசியால தொட்டா ஒரு காலு மட்டும் லேசா துடிச்சுச்சு. செயலிழக்க வச்சு அடுக்கி வைக்கிறது, குஞ்சு பொரிச்சு வர்ற வரைக்கும் கெட்டுப் போகக் கூடாதே. அடியில மஞ்சளா ஒரு குஞ்சு, ஒரு சிலந்தியில வாய் வச்ச மேனிக்கு. ஒரு பொடியன் கேட்டான், "டீச்சர், அப்ப இதோட அம்மா எங்க?" அம்மா சாப்பாடு கட்டி வச்சுட்டுக் கதவ அடைச்சுட்டுப் போயிருச்சுன்னு சொன்னேன். ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல அவன். அவங்கம்மா டுபாய்ல வேலை.

அந்த அறைய களிமண் வச்சு ஒட்டி ஜன்னல்லயே திரும்ப வச்சிருக்கான்.

2023 ஏப்ரல் 23

அப்புத்தளை அண்ணாவுக்கு: தேன்பெட்டி வாசல்ல தெபரா வந்து தேனீயப் புடிக்குதுன்னா தெபராக் கூட்டத் தேடிக்கிட்டு அலையாதீங்க, வாசலச் சின்னதாக்குங்க, தேனீ மட்டும் நுழையிற அளவுக்கு. நம்ம கூட்டுத்தேனீக்கு சண்டை தெரியும். இதே இனத்து ஜப்பான் தேனீ குளவியச் சுத்தி உருண்டையா மூடிக்கிட்டு ஒடம்பச் சூடாக்கி, 46 பாகை வரைக்கும் ஏத்தி அவிச்சே கொன்னுரும்னு அளந்து பாத்திருக்காங்க. தேனீ அந்தச் சூட்ட இன்னும் கொஞ்சம் தாங்கும், குளவி தாங்காது.

2023 மே 7

தலவாக்கலைத் தம்பி எழுதியிருக்காரு. கொய்யா மரத்துக் கூட்டுக்கு போன கெழமை ஒரு பெரிய குளவி ஒண்டியா வந்துச்சாம், கறுப்பு, வயித்துல ஒரு மஞ்சப் பட்டி. சின்னக் குளவி எல்லாம் கூட்ட விட்டு எறங்கி பக்கத்து எலையில ஒதுங்கி நின்னுக்கிட்டுப் பாத்துக்கிட்டே இருந்துச்சாம், எதுத்து ஒண்ணும் போகல. பெருசு அறை அறையாத் தலைய விட்டு குஞ்ச இழுத்து மென்னு உருட்டிக்கிட்டுப் போச்சாம், திரும்பத் திரும்ப வந்துச்சாம், மறுநாள் பொழுதுக்கு கூடு காலி. அது வெஸ்பா ட்ரொபிகா தம்பி, அதுக்கு முக்கியமான சாப்பாடே காகிதக் குளவிக் குஞ்சுதான். மருந்துக்கடையில குடுக்க இருந்த காசு மிச்சம். ஆனா அது மண்ணு பொந்துலயும் சுவத்து ஓட்டையிலயும் கூடு கட்டுற சாதி, வேலியோரம் பொந்துல பெருசு போய் வருதான்னு ஒரு கெழமைக்குப் பாத்துக்கிட்டே இருங்க, புள்ளைங்கள அந்தப் பக்கம் விடாதீங்க. காலிக் கூட்ட இப்ப எடுக்கலாம், கையில ஒரு துணி சுத்திக்கிட்டு.

போஞ்சி எப்பிடின்னும் எழுதுங்க. அத நீங்க சொல்லவே இல்ல.

2023 ஜூலை 16

ரொம்ப நாளா இந்தப் பக்கம் வரல. அஞ்சாம் நம்பர்ல டர்பன்டைன் பூத்திருக்கு, பம்பரா வந்திருச்சு, பெரிய மரத்துல மூணு, வளைவுல ஒண்ணு. அம்மாதான் மொதல்ல பாத்துச்சு, பென்ஷன் ஆன பிறகும் தெனம் காலையில அந்தப் பக்கம் ஒரு நடை போகும். பழைய செவப்புச் சீலையக் கிழிச்சு வரிசைக்கு முப்பது அடிக்கு முன்னாலயே தேயிலையில கட்டி விட்டுட்டு, காலையில பேர் குடுக்கிற பெரட்டுக்களத்துக்குப் போய் கங்காணிகிட்டச் சொல்லியிருக்கு. அந்த நிரைய இந்த மாசம் விட்டுட்டு ஏழாம் நம்பருக்குப் போகச் சொல்லிட்டாராம். கருப்புப் படங்கு வேணாம், வெளிர் நெறமாப் போடுங்க, தலைக்கு எண்ணெய் வாசம் வேணாம், வாழைப்பழ வாசம் வந்தா கூடைய எறிஞ்சுட்டு எறங்கி ஓடுங்கன்னு புதுசா வந்த புள்ளைங்களுக்கு அம்மா நின்னு சொல்லிக் குடுத்துக்கிட்டு இருந்துச்சு. நான் அப்பத்தான் ஸ்கூலுக்குப் போய்க்கிட்டு இருந்தேன், நின்னு கேட்டுட்டுப் போனேன்.